கொழுங்குறை: இறைச்சித் துண்டைக் குறிக்கும் இச்சொல்லின் பொருளும் பிறப்பும்

1. செங்கழுநீர் (மந்தைவெளி)

அனைவருக்கும் வணக்கம். பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகள் பள்ளிப் பேச்சுப் போட்டிக்குப் பொருநராற்றுப்படையை எடுத்திருக்கிறாள். கரிகாலன் பொருநன் என்னும் கலைஞனுக்கு விருந்து வைக்கும் இடத்தில் நாங்கள் இருவருமே நின்றுவிட்டோம்.

துராஅய் துற்றிய துருவையம் புழுக்கின்
பராஅரை வேவை பருகெனத் தண்டிக்
காழிற் சுட்ட கோழூன் கொழுங்குறை
ஊழின் ஊழின் வாய்வெய் தொற்றி

"கொழுத்தது என்று சொல்லிவிட்டு, உடனே குறை என்கிறாரே, அது எப்படி அம்மா? விருந்தாளிக்குக் குறையுள்ள கறியையா கொடுப்பார்கள்?" என்று கேட்டாள். துண்டு என்று எங்கோ படித்த நினைவில் பதில் சொன்னேன். "அதற்குக் குறை என்று ஏன் பெயர் வந்தது?" என்ற அடுத்த கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. தெரிந்தவர்கள் விளக்கினால் அவளுக்கும் எனக்கும் உதவியாக இருக்கும்.

2. வடபழனி வாசகன்

குறை என்றால் துண்டு. கொழுங்குறை என்றால் கொழுப்புள்ள இறைச்சித் துண்டு. காழ் என்பது கம்பி. கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சித் துண்டுகள், அவ்வளவுதான் அம்மா.

3. கல்மண்டபம் (ராயபுரம்)

அவ்வளவுதானா என்று எனக்குத் தோன்றவில்லை. குறை என்ற சொல் எங்கே வந்தாலும் முழுமை இல்லாததைத்தான் குறிக்கிறது. குறைப் பிரசவம், குறைக்காலம், வேலையைக் குறையாக விட்டுவிட்டான் என்று எல்லாவற்றிலும் அப்படித்தான். கம்பியில் கோத்து நெருப்பில் காட்டும் இறைச்சி வெளியே கருகும், உள்ளே வேகாது. அதனால் இது முழுதும் வேகாத இறைச்சி என்று நான் எண்ணுகிறேன். முதல் இரண்டு அடிகளில் நன்றாக வெந்த தொடைக்கறியைச் சொல்லிவிட்டு, அடுத்த அடியில் அரைவேக்காட்டுக் கறியைச் சொல்கிறார். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டுவதுதான் புலவரின் நோக்கமாக இருக்க வேண்டும். மறுப்பு இருந்தால் சான்றோடு சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.

4. ஏட்டுச்சுவடி (பெசன்ட் நகர்)

சான்று அதே பாட்டிலேயே இருக்கிறது ஐயா. விருந்துக்குப் பல அடிகள் முன்னே சென்று பாருங்கள். பாடினியின் காதை, பாட்டை எழுதிய முடத்தாமக்கண்ணியார் இப்படிச் சொல்கிறார்:

மயிர்குறை கருவி மாண்கடை யன்ன
பூங்குழை ஊசற் பொறைசால் காதின்

மயிர்குறை கருவி என்பது கத்தரிக்கோல். அதன் கைப்பிடி வளையத்தைப் போல இருக்கிறதாம் அவள் காது. இங்கே குறை என்பது வெட்டு என்னும் வினை. மயிரை வெட்டும் கருவி என்பதைத் தவிர வேறு எப்படியும் இதற்குப் பொருள் சொல்ல முடியாது. ஒரே புலவர், ஒரே பாட்டில், முன்னே வெட்டுதலுக்கு ஆண்ட சொல்லைப் பின்னே வெட்டிய பொருளுக்கு ஆள்கிறார்.

சொல் பிறந்த வழியும் நேரானது. குறு என்பது அடி. குறுகியது குறைந்தது. குறுகச் செய்தால் குறைத்தல். ஒன்றைக் குறுகச் செய்ய வெட்டத்தானே வேண்டும்? ஆகவே பழந்தமிழில் குறைத்தல் என்றால் முதலில் வெட்டுதல்தான். போர்க்களத்தில் தலை வெட்டுண்டு கிடக்கும் உடலைக் குறைத்தலைப் பிணம் என்பார்கள். அளவைச் சிறிதாக்குதல் என்ற இன்றைய பொருளும் அதே வெட்டிலிருந்து கிளைத்ததுதான்.

வெட்டப்பட்ட துண்டுக்குக் குறை என்று பெயர் வழங்கும் இன்னோர் இடம் நம் எல்லோருக்கும் தெரியும். ஆற்றிடைக்குறை என்கிறோம். ஆறு இரண்டாகப் பிரிந்து ஓட, நடுவே வெட்டி எடுத்து வைத்தாற்போல நிற்கும் நிலத்துண்டு அது. திருவரங்கம் ஓர் ஆற்றிடைக்குறை. அங்கே யாரும் அந்த நிலத்தில் என்ன குறை என்று கேட்பதில்லை. பள்ளி இலக்கணத்தில் தாமரை மரை என்று நிற்பதை முதற்குறை என்கிறோமே, அதுவும் எழுத்தை வெட்டுவதுதான்.

வேகாத கறி என்ற கருத்துக்கு வருகிறேன். புறநானூற்று 150ஆம் பாட்டில் வன்பரணர் காட்டில் பசித்துக் களைத்துக் கிடக்கிறார். யாரென்று தெரியாத ஒரு வேட்டுவன் வருகிறான். எழப்போன புலவரைக் கைகாட்டி இருக்கச் செய்கிறான். தன்னோடு வந்த இளையர்கள் காட்டு வழியில் தடுமாறிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வந்து சேர்வதற்குள், தானே தீக்கடைந்து, "இழுதின் அன்ன வால்நிணக் கொழுங்குறை"யைச் சுட்டு, சுற்றத்தோடு தின்னுங்கள் என்று கொடுக்கிறான். இழுது என்றால் நெய். நெய்யைப் போல வெளுத்த கொழுப்புள்ள துண்டு. தன் கழுத்து ஆரத்தையும் கைக் கடகத்தையும் கழற்றிக் கொடுத்தவன், பெயரைக் கேட்டபோது சொல்லாமலே போய்விடுகிறான். தோட்டி மலைக்கு உரிய நள்ளி அவன் என்று புலவர் வழியில் பிறர் சொல்லித்தான் அறிகிறார். இப்படிப்பட்டவன் கொடுத்ததை வேகாத கறி என்றோ மிச்சம் என்றோ வன்பரணர் பாடியிருக்க மாட்டார். அவர் நன்றியோடு நினைவில் வைத்திருந்த துண்டு அது.

5. சைதை அறிவு

என் அப்பா முப்பது ஆண்டுகள் இறைச்சிக் கடை வைத்திருந்தார். ஆடு வெட்டும் இடமான சைதாப்பேட்டை ஆட்டுத்தொட்டிக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் நான். இலக்கியம் எனக்குப் பழக்கமில்லை, ஆனால் வெட்டு தெரியும். அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்.

செங்கழுநீர் அம்மா எழுதிய நான்கு அடிகளில் இரண்டு விதமான வெட்டு இருக்கிறது. முதலில் பராஅரை. பருத்த தொடை என்று விளக்கம் பார்த்தேன். தொடையை முழுதாக வேக வைத்தால் நேரம் பிடிக்கும், ஆனால் எலும்பிலிருந்து கழன்று வரும். இரண்டாவது கம்பியில் சுட்டது. கம்பியில் கோக்க வேண்டுமானால் துண்டுகள் சிறிதாகவும் ஒரே அளவாகவும் இருக்க வேண்டும். ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருந்தால், சிறியது கருகும்போது பெரியது வெந்திருக்காது. திருவல்லிக்கேணியில் சீக் கபாப் போடுகிறவர்கள் இன்றைக்கும் இதைத்தான் பார்க்கிறார்கள். சீக் என்பதே பாரசீக வழியாக வந்த கம்பி என்ற சொல்தான். அதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே நம்மிடம் காழ் இருந்திருக்கிறது என்று இன்றுதான் அறிந்தேன். மகிழ்ச்சியாக இருக்கிறது.

கல்மண்டபம் அண்ணன் உள்ளே வேகாது என்கிறார். தடித்த துண்டானால் வேகாது, உண்மை. கொழுப்போடு சேர்த்துச் சிறிதாக வெட்டினால் கொழுப்பு உருகி மேலே ஓடும், உள்ளேயும் வேகும், காயவும் காயாது. கோழூன், கொழு என்று புலவர் இரண்டு முறை கொழுப்பைச் சொல்வது அதனால்தான் என்று நினைக்கிறேன். வெறும் சதையைக் கம்பியில் சுட்டால் அது நாராகப் போய்விடும்.

அப்பா கடையில் புளியமரக் கட்டை ஒன்று இருந்தது. நடுவில் குழிந்து, ஓரம் மட்டும் உயர்ந்து நிற்கும். எலும்பை வெட்ட ஒரு கத்தி, கறியை அரிய மெல்லிய கத்தி ஒன்று. கட்டையின் ஓசையைக் கேட்டே எந்தக் கத்தி விழுகிறது என்று வீட்டுக்குள்ளிருந்து அம்மா சொல்வார்.

6. செங்கழுநீர்

அறிவு தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு நான்காவது அடி எனக்கு விளங்கியது. "ஊழின் ஊழின் வாய்வெய் தொற்றி" என்றால், சூடு தாங்காமல் வாயின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றி ஒற்றிக்கொள்வது. ஒரு வாய்க்குள் புரட்டக்கூடிய அளவுதான் அந்தத் துண்டு! குறையின் அளவு பாட்டிலேயே இருந்திருக்கிறது. தொடைக்கறியை அப்படி வாய்க்குள் புரட்ட முடியாது.

7. கல்மண்டபம்

மயிர்குறை கருவியைப் பார்த்தேன். என் கருத்தை விட்டுவிடுகிறேன். அந்த அடியை நான் கவனிக்கவே இல்லை.

ஆனால் ஓர் ஐயம். துண்டுக்குத் தடி என்றும் ஒரு சொல் இருக்கிறதே. புறநானூறு 14இல் "புலவு நாற்றத்த பைந்தடி" என்று வருகிறது. தடி, குறை இரண்டும் ஒன்றா?

8. ஏட்டுச்சுவடி

பிறப்பு ஒரே வகை, பயன்பாடு வேறு என்பது என் முடிவு. தடிதல் என்றாலும் வெட்டுதல்தான். திருமுருகாற்றுப்படையில் முருகன் சூரனைக் கொன்றதை "சூர்முதல் தடிந்த சுடரிலை நெடுவேல்" என்கிறார் நக்கீரர். ஆனால் தடி பெயராகும்போது சதைத் திரளை நோக்கிச் சாய்கிறது. சேரமான் கணைக்காலிரும்பொறை சிறையில் பாடிய புறநானூற்று 74ஆம் பாட்டில் "குழவி இறப்பினும் ஊன்தடி பிறப்பினும்" என்று வருவதை எண்ணிப் பாருங்கள். உருவமில்லாமல் சதைப் பிண்டமாகப் பிறப்பதைத்தான் அவர் ஊன்தடி என்கிறார். அந்தப் பிண்டம் எதிலிருந்தும் வெட்டி எடுத்ததன்று. அந்த இடத்தில் குறை என்று போட முடியாது. குறை என்றால் கத்தி பட்டிருக்க வேண்டும்.

நீங்கள் சொன்ன 14ஆம் பாட்டு எனக்கு மிகவும் பிடித்தது. சேர மன்னன் செல்வக்கடுங்கோ கபிலரின் கையைப் பிடித்து, எவ்வளவு மென்மையாக இருக்கிறது என்று வியக்கிறான். உன் கை வில்லும் அங்குசமும் பிடித்து வன்மையானது, உன்னைப் பாடுகிறவர்களின் கை ஊனும் துவையும் கறியும் சோறும் உண்டு வருந்துவதைத் தவிர வேறு தொழில் அறியாதது, அதனால் மென்மை என்கிறார் கபிலர். பச்சை இறைச்சியின் புலவு நாற்றம் போக, பூ மணக்கும் புகையை ஏற்றிச் சமைத்திருக்கிறார்கள். இதைச் செங்கழுநீரின் மகள் தன் பேச்சில் சேர்க்கலாம்.

9. திமிலோன் (காசிமேடு)

மீன் பக்கத்தை யாரும் தொடவில்லையே! மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் எழுதியிருக்கிறார்:

வன்கைத் திமிலர்
கொழுமீன் குறைஇய துடிக்கண் துணியல்

என் பெயரை நான் எடுத்ததே இந்த அடியிலிருந்துதான். திமிலில் சென்று மீன் பிடிக்கும் வலிய கையையுடையவர்கள் கொழுத்த மீனை வெட்டிய, துடியின் கண்ணைப் போன்ற துண்டுகள். குறைஇய என்பது குறைத்த, அதாவது வெட்டிய. ஏட்டுச்சுவடி ஐயா சொன்னதற்கு இது இன்னொரு சான்று. வெட்டுதல் குறைத்தல், வெட்டிய துண்டு துணியல்.

துடிக்கண் என்பதுதான் என்னை ஆண்டுக்கணக்காகப் பிடித்து வைத்திருக்கிறது. துடி இடை சிறுத்த பறை. அதன் கண் என்பது தோல் போர்த்திய வட்ட முகம். உள்ளங்கையளவு வட்டம். ஒரு வஞ்சிரத்தைக் குறுக்கே வெட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். தலைக்குக் கீழே விழும் முதல் துண்டுகள் வட்டமாக இருக்காது. வயிற்றுக்குழி இருப்பதால் அடியில் பிளந்து, லாடத்தைப் போல இருக்கும். வயிறு முடிந்து வால் பக்கம் வந்த பிறகுதான் துண்டு முழுதாக மூடிக்கொள்ளும். நடுவில் முள்ளின் வட்டம், அதைச் சுற்றிச் சதை, ஓரத்தில் மெல்லிய தோல் இழுத்துக் கட்டியதைப் போல. அதுதான் துடிக்கண். மருதனார் மீன் வெட்டும் இடத்தில் நின்று பார்த்திருக்கிறார், வால் பக்கத்துத் துண்டைப் பார்த்திருக்கிறார் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

10. நூலிழை (சிந்தாதிரிப்பேட்டை)

துணியல் என்று திமிலோன் எழுதியதைப் படித்ததும் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டேன். தையல் தொழில் எனக்கு. நாங்கள் நாள் முழுதும் சொல்லும் துணி, துணித்தல் என்னும் வினையிலிருந்து வந்தது. தறியிலிருந்து வெட்டி எடுப்பதால் துணி. சங்க காலத்தில் ஆடைக்கு அறுவை என்றும் பெயர், அறுக்கப்படுவதால். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று ஒரு புலவரே இருந்திருக்கிறார், துணி வணிகர். தோளில் போடும் துண்டும் அப்படித்தான். மீன் துண்டு, தோள் துண்டு, இரண்டும் ஒரே சொல்.

எங்கள் பேட்டை 1734இல் நெசவாளர்களைக் குடியேற்றி உண்டாக்கியது. சின்னத் தறிப் பேட்டைதான் சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பார்கள். இப்போது ஊர் அறிந்தது இங்குள்ள மீன் சந்தையை. துணிக்காகப் பிறந்த இடத்தில் துணியல் விற்கிறார்கள் என்பது எனக்கு இன்றுதான் தெரிந்தது. இதை எழுதியதற்கு நன்றி.

11. மாடிவெயில் (பெரம்பூர்)

உப்புக்கண்டத்தை விட்டுவிட்டீர்கள். எங்கள் பாட்டி வீட்டில் ஆண்டுக்கு இரண்டு முறையாவது போடுவார்கள். எலும்பில்லாத கறியை விரல் நீளத்துக்கும் கூடுதலாகப் பட்டையாக அரிந்து, உப்பும் மஞ்சளும் பிசறி, கோணி ஊசியால் சணலில் கோத்து மாடியில் கட்டுவார்கள். ஒன்றோடொன்று ஒட்டாமல் தள்ளித் தள்ளித் தொங்க வேண்டும். காக்கை வராமல் ஒரு பழைய கறுப்புக் குடையை விரித்துப் பக்கத்தில் வைப்பார்கள். அந்தக் குடைக்குக் கீழே நான் காவல். நன்றாகக் காய்ந்தால் தட்டும்போது மரச்சில்லைப் போல ஓசை வரும். பிறகு மழை நாளில் அம்மியில் வைத்து நசுக்கி, எண்ணெயில் போடுவார்கள்.

கண்டம் என்பதும் துண்டுதானே? அது தமிழா?

12. சைதை அறிவு

அந்தப் பட்டையை நாரின் போக்கிலேயே அரிய வேண்டும், குறுக்கே அரியக் கூடாது. குறுக்கே அரிந்தால் சணலில் கோக்கும்போது பிய்ந்து விழும். குழம்புக்கானால் குறுக்கே வெட்டுவதுதான் மெத்தென்று இருக்கும். அப்பா வாடிக்கையாளரிடம் குழம்புக்கா கண்டத்துக்கா என்று கேட்டுவிட்டுத்தான் கத்தியை எடுப்பார்.

13. ஏட்டுச்சுவடி

கண்டம் வடமொழியிலும் துண்டு என்ற பொருளோடு வழங்கும் சொல். கற்கண்டில் இருப்பதும் அதுவே. சர்க்கரைத் துண்டைக் குறித்த அந்தச் சொல் பாரசீகம், அரபு வழியாக மேற்கே போய் ஆங்கிலத்தில் கேண்டி ஆயிற்று. ஆகவே மாடியில் காய்ந்த உப்புக்கண்டமும் கடையில் வாங்கும் மிட்டாயின் பெயரும் உறவுக்காரர்கள்.

பொருளுக்கு மட்டும் நம்மிடம் பழைய பெயர் இருந்தது. வாடூன். பெரும்பாணாற்றுப்படையில் எயிற்றியர் என்னும் வேட்டுவப் பெண்கள் விளிம்பு உடைந்த பானையை முரிந்த அடுப்பில் ஏற்றி "வாராது அட்ட வாடூன் புழுக்கல்" சமைக்கிறார்கள். வாடிய ஊன், வாடூன். பாட்டி மாடியில் செய்ததைத்தான் அவர்களும் செய்திருக்கிறார்கள்.

14. வடபழனி வாசகன்

என் முதல் பதிலில் "அவ்வளவுதான்" என்று எழுதியது அவசரம். மன்னிக்கவும். ஒரு கேள்வி: இவ்வளவு நல்ல சொல் ஏன் மறைந்தது? இன்று எந்தக் கடையிலும் ஒரு குறை கொடுங்கள் என்று கேட்க முடியாதே.

15. ஏட்டுச்சுவடி

என் கருத்தைச் சொல்கிறேன். குறைக்கு இல்லாமை, பழுது என்ற பொருள்கள் வலுத்துவிட்டன. விருந்தாளியின் இலையில் வைக்கும் ஒன்றைக் குறை என்று சொல்ல நம் வாய் வராது. விளக்கை அணை என்பதற்குக் குளிரவை என்று சொல்லும் மக்கள் நாம். பந்தியில் அந்தச் சொல்லுக்கு இடமில்லாமல் போனதில் எனக்கு வியப்பில்லை.

அந்த இடத்துக்குக் கறி வந்து உட்கார்ந்துகொண்டது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துத் தெருவில் கிடக்கும் "காலின் வந்த கருங்கறி மூடை" மிளகு மூட்டை. மிளகுக்குப் பெயராக இருந்த கறி சோற்றோடு உண்ணும் தொடுகறிக்கும் பெயராகி, இன்று சென்னையில் கறி என்றாலே ஆட்டிறைச்சி. மிளகுக்கு அந்தப் பெயர் இருந்ததே பலருக்கு மறந்துவிட்டது.

ஆனால் சொல் ஆக்கிய முறை போகவில்லை. துணியல் என்ற சொல்லின் அமைப்பைப் பாருங்கள். பொரியல், வறுவல், அவியல், துவையல், மசியல், வற்றல் எல்லாம் அதே அச்சு. செய்கிற தொழிலே செய்யப்பட்ட பொருளுக்குப் பெயராகிறது. தொழிலாகுபெயர் என்று பள்ளியில் படிக்கிறோம். கொத்துக்கறியிலும் அதே முறைதான். உருது வழியாக வந்த கைமா பக்கத்திலேயே இருந்தும், கொத்துவதால் கொத்துக்கறி என்று நம் மக்கள் தாமாகவே ஒரு பெயர் வைத்தார்கள். குறை என்று பெயர் வைத்தவர்களும் அப்படித்தான் வைத்திருப்பார்கள், கத்தி வைத்திருந்த கை.

16. கல்மண்டபம்

ஒரு விண்ணப்பம். மகளின் பேச்சில் மயிர்குறை கருவியைக் கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள் அம்மா. என்னைப் போல ஐயப்படுகிறவர்கள் அரங்கில் இருப்பார்கள். அந்த ஓர் அடி போதும்.

17. செங்கழுநீர்

சேர்த்துவிட்டாள் ஐயா. வன்பரணரின் வேட்டுவனையும் சேர்த்திருக்கிறாள். பேச்சின் தொடக்கமே அவன்தான்.

இன்று காலை அவளைச் சிந்தாதிரிப்பேட்டைக்கு அழைத்துப் போனேன். நடுத்தர வஞ்சிரம் ஒன்றை வாங்கி, வெட்டும் அம்மாவின் பக்கத்தில் நின்றோம். திமிலோன் சொன்னது போலவே முதல் நான்கைந்து துண்டுகள் அடியில் பிளந்து விழுந்தன. பிறகு ஒரு துண்டு முழு வட்டமாக விழுந்தது. மகள் அதைக் கையில் எடுத்து, உள்ளங்கையில் வைத்து, விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். வெட்டுகிற அம்மா நிமிர்ந்து பார்த்து, "அந்தப் பக்கத்துத் துண்டு நீயே சாப்பிடு கண்ணு, நடுவில் ஒரே ஒரு முள்தான்" என்று சொல்லிவிட்டு, அடுத்த துண்டுக்குக் கத்தியை வைத்தார்.